ஜூலையில் வாருங்கள் அக்கா, ஆறு கொஞ்சம் சூடாகியிருக்கும்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்களுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் விசா கிடைத்துவிட்டது என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவிஸுக்கு வந்தால் எங்கெங்கே போவது, எந்த மலைக்கு ரயில் ஏறுவது என்று கேட்டிருந்தீர்கள். போனில் கதைத்தால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

மலைக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். எல்லாரும் படம் எடுத்துப் போடும் யுங்ஃபிராவ் மலைக்கு ரயிலில் போகலாம், 3454 மீட்டர் உயரத்தில் நிலையம். ஆனால் கோடையில் விலைக்கழிவு இல்லாமல் ஒருவருக்கு 200 பிராங்குக்கு மேல் வரும், அன்றைக்கென்று முகில் மூடினால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. அத்தானுக்கு ஆசை என்றால் வானம் வெளித்த ஒரு நாளாகப் பார்த்துப் போவோம். மிச்ச நாட்களுக்கு நான் இருக்கும் பேர்ண் நகரிலேயே நில்லுங்கள். இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது ஆற்றால்தான்.

யாழ்ப்பாணத்தில் ஆறு எங்கே அக்கா, மாரியில் ஓடும் வழுக்கையாற்றை விட்டால்? நமக்குத் தண்ணீர் என்றால் கிணறு, இல்லாவிட்டால் கீரிமலைக் கேணி. இங்கே ஆரே ஆறு ஊரை மூன்று பக்கமும் சுற்றி வளைத்துக்கொண்டு ஓடுகிறது, பழைய ஊர் அந்த வளைவுக்குள் ஒரு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. நிறம் பச்சையும் நீலமும் கலந்தது. மேலே பனிப்பாறைகள் அரைத்துவிடும் நுண்மணலால் அப்படி என்கிறார்கள். கிரிம்சல் பக்கத்துப் பனிப்பாறைகளில் தொடங்கி, பிரியன்ஸ் ஏரி, தூன் ஏரி இரண்டையும் கடந்து எங்களிடம் வருகிறது. கோடையில் வேலை முடிந்ததும் சனம் உடுப்பைத் தண்ணீர் போகாத பையில் சுருட்டிக் கட்டிக்கொண்டு இந்த ஆற்றில் மிதந்து வரும். வந்த புதிதில் பாலத்தில் நின்று பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது, யாரோ தண்ணீரோடு அடிபட்டுப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

இரண்டாவது கோடையில் என்னோடு சமையலறையில் வேலை செய்யும் ஒருவர் கூட்டிப்போனார். மார்ட்சிலி என்று ஒரு குளிக்கும் இடம் இருக்கிறது, பாராளுமன்றக் கட்டடத்துக்கு நேர் கீழே, புல்தரையும் நீச்சல் தடாகங்களுமாக, உள்ளே போகக் காசு இல்லை. அங்கிருந்து ஆற்றோரமாக மேலே ஐக்ஹோல்ட்ஸ் வரை நடந்து போய், அங்கே இறங்கி மிதந்து திரும்ப வேண்டும். இறங்கின உடனே மூச்சு அடைத்தது. நல்ல வெயில் நாளிலும் தண்ணீர் 18, 20 பாகைதான், நம் கிணற்றுத் தண்ணீரை நினைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. ஒரு நிமிடம் போனதும் உடம்பு பழகிவிடும். காதைத் தண்ணீருக்குள் வைத்தபடி மல்லாந்து கிடந்தால் கீழே கூழாங்கற்கள் உருண்டு உரசும் சத்தம், சின்னச் சலங்கை குலுங்குவது போலக் கேட்கும். அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். கரையில் சிவப்புக் கைபிடிக் கம்பிகளோடு படிகள் இருக்கும், அவற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அன்றைக்கு நான் கரைக்குப் பிந்தி ஒதுங்கியதால் கம்பி கைக்கு எட்டாமல் போய்விட்டது. ஆறு நிற்காது, நீங்கள் ஒரு தரம் கை வீசுவதற்குள் பத்து அடி கொண்டுபோய்விடும். அடுத்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஏறினேன், முழங்கால் உரிந்ததோடு போயிற்று. மார்ட்சிலிக்குக் கீழே அணை இருக்கிறது, கடைசிப் படியை விட்டால் ஆபத்து. அதனால் பெரியவனுக்கு நன்றாக நீந்தத் தெரிந்தால் மட்டும் என்னோடு இறங்கட்டும், சின்னவள் தடாகத்தில் விளையாடட்டும். நீங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் இதில் நான் இளகமாட்டேன்.

ஆற்றில் இறங்காமலே ஆற்றோடு இருக்கலாம். கரையோர நடைபாதை முழுக்க மர நிழல், மிருகக்காட்சிச்சாலையின் சில கூடுகளை டிக்கெட் எடுக்காமலே அந்தப் பாதையில் நின்று பார்க்கலாம். ஊரின் சின்னம் கரடி. 2009-ல் ஆற்றங்கரைச் சரிவிலேயே கரடிகளுக்கு ஒரு பூங்கா கட்டினார்கள், அதற்கு முன் ஒரு கல் குழிக்குள்தான் கிடந்தன. இப்போது வெயில் நேரத்தில் அவை தங்கள் தடாகத்தில் இறங்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். அங்கிருந்து ஏற்றத்தில் ஏறினால் ரோஜாத் தோட்டம். நான் அம்மாவுக்கு அனுப்பிய படங்களில் பாதி அங்கே நின்று எடுத்ததுதான், ஆறும் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் பெரிய தேவாலயக் கோபுரமும் ஒரே பார்வைக்குள் வரும். மாலையில் போவோம், தோசை சுட்டுக் கட்டிக்கொண்டு வருகிறேன்.

பழைய ஊருக்கு ஒரு நாள் போதும். 1405-ல் பெரும் தீ எரித்தபின் மரத்தை விட்டுக் கல்லில் கட்டியது, முழுக்க ஒரே சாம்பல் பச்சைக் கல். கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை ஆறு கிலோமீட்டர் நீளம், மழை பெய்தாலும் நனைய மாட்டீர்கள். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு மணி அடிக்க நாலு நிமிடம் முன்னே போய் நிற்க வேண்டும், பொம்மைகள் ஆடும். பிள்ளைகளைத் தின்னும் பூதத்தின் சிலை ஒன்று ஒரு நீரூற்றின் மேல் இருக்கிறது, சின்னவளை முதலே சொல்லித் தயார் பண்ணுங்கள். தெரு நீரூற்றுகளில் வருவது குடிக்கிற தண்ணீர், போத்தல் கொண்டுவந்தால் போதும். ஐன்ஸ்டைன் 1903-லிருந்து 1905 வரை இருந்த வீடும் அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில்தான், அத்தான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், அவர் கட்டாயம் பார்ப்பார்.

தூனில் இருந்து ரப்பர் படகில் பேர்ண் வரை வருவதும் உண்டு, ஏறக்குறைய மூன்று மணி நேரம். இடையில் ஊட்டிகென் பக்கம் தண்ணீர் கொந்தளிக்கும், எல்லாருக்கும் மிதவை உடுப்பு வேண்டும், இரண்டு படகை ஒன்றாகக் கட்டக் கூடாது. ஆற்றின் அளவைப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு எங்கே போவீர்கள் என்று அம்மா கேட்பார், எனக்குத் தெரியும். ஐரோப்பா சதுக்கத்தில் சமயங்களின் இல்லம் என்று ஒரு கட்டடம் 2014-ல் திறந்தார்கள், ஒரே கூரையின் கீழ் பள்ளிவாசலும் தேவாலயமும் புத்த விகாரையும் நம் சிவன் கோயிலும். பூசை தமிழில் நடக்கும். டிராமில் போகலாம்.

அப்புறம், பிள்ளைகளின் கால் அளவை அனுப்புங்கள், ஆற்றுக்கென்று ரப்பர் செருப்பு வாங்கி வைக்கிறேன், கற்கள் குத்தும். பெரியவனை இந்த மாதமே கீரிமலைக்குக் கூட்டிப்போய் நீந்தவிடுங்கள். நான் வாழைக்குற்றியைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தப் பழகினபோது மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள்தானே, அவனுக்கும் நீங்களே சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்,
தம்பி