பெரியப்பா பாடினார்

அன்புள்ள மலருக்கு,

நீ மெல்பர்னிலிருந்து வாங்கி அனுப்பிய டிக்கெட்டில் நேற்று பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு, அந்தக் காலத்து இங்கிலாந்துப் பாட்டுக்குழு பீட்டில்ஸின் பாட்டுகளை அவர்களைப் போலவே பாடிக்காட்டும் கச்சேரிக்குப் போனேன். அண்ணனையே அழைத்துப் போங்கள் என்று உன் அம்மா விட்டுக்கொடுத்துவிட்டாள்.

சிங்கப்பூர் எஸ்பிளனேட் அரங்கின் வாசல் வரைக்கும் வந்தும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. "பீட்டில்ஸ் இல்லையே தம்பி, அவங்க மாதிரி வேஷம் போடுறவங்கதானே" என்றார். உன்னிடம் சொல்லவில்லை, எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது.

கறுப்புக் கோட்டு போட்டு நாலு பேர் வந்தார்கள். பால் மெக்கார்ட்னியாக நின்ற பையன் வயலின் வடிவ பேஸ் கித்தாரை அவரைப் போலவே இடக்கையால் வாசித்தான். அவன் வலக்கைக்காரனாம், இதற்காகவே கையை மாற்றிப் பழகினான் என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். எத்தனை வருஷ உழைப்பு!

இரண்டாம் பாதியில் பிற்காலப் பாட்டுகள். பீட்டில்ஸ் 1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் பாடியதோடு ஊர் ஊராகப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒலிப்பதிவுக்கூடத்தில் செய்த பாட்டுகளில் பெரும்பாலானவற்றை அவர்கள் எந்தக் கச்சேரியிலும் பாடியதில்லை. அதற்கு முன்னாலும் கூச்சலில் எதுவும் கேட்காது. 1965இல் நியூயார்க் ஷே அரங்கில் 55,000 பேருக்கு மேல் கூட்டம்; மேடையில் நின்றவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லை. அசலை நேரில் பார்த்தவர்களுக்கும் கிடைக்காதது நேற்று எங்களுக்குக் கிடைத்தது. வேஷம் என்று நினைத்ததற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பெரியப்பா காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். டிரம்ஸ் சத்தத்துக்கு அது கீச்சிடுமாம். ஒருவன் மட்டும் கித்தாரோடு முன்னால் வந்து உட்கார்ந்ததும் அவசரமாக எடுத்து மாட்டினார். கொஞ்ச நேரத்தில் அவரும் பாட ஆரம்பித்தார். ஒரு வரி தப்பவில்லை.

அதெல்லாம் சின்ன வயசில் எதிர்வீட்டு ரெடிஃபியூஷன் பெட்டியில், அதாவது கம்பிவழி வரும் வானொலியில், படித்தது. மாதம் 5 வெள்ளி; தாத்தாவுக்குக் கட்டுப்படியாகாது. நாங்கள் இருவரும் அவர்கள் வாசலில் உட்கார்ந்து கேட்போம். பெரியப்பா கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்வார்.

1970களில் இங்கே ஆண்கள் முடி வளர்ப்பதை அரசாங்கம் விரும்பவில்லை. நீளமுடிக்காரர்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அலுவலகங்களில் சுவரொட்டி இருக்கும், எது நீளம் என்று படமும் போட்டு. பெரியப்பாவின் முடி காலரைத் தொடும். வேலை கேட்டுப் போன இடத்தில், வெட்டிவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். தேக்காவில் முடிவெட்டும் கடைக்கு நான்தான் கூடப் போனேன். கடைசிவரை அவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர் பாடி நான் கேட்டதில்லை மலரு. நேற்றுதான் கேட்டேன்.

திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் வெகுநேரம் பேசாமல் வந்தார். இறங்குகிற நேரத்தில் சொல்கிறார், அந்தக் கணக்குப் புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிடு. மதியம் தூங்குவார், எங்கள் நேரம் நாலு மணிக்கு மேல் பேசு. கொஞ்சம் உரக்கப் பேசும்மா.

அன்புடன்,
அப்பா