அக்காவுக்கு: அந்தப் பையன் சாகவில்லை

அக்கா,

கில்பர்ட் பேட்ஸைப் பார்த்துவிட்டேன், நாம் அன்று கம்ப்யூட்டரில் விளையாடிய ஆர்க்கேனம் கேமில்தான். டாரண்ட் நகரத்தில், வாசலில் காவல் போட்ட ஒரு மாளிகையில் இருக்கிறார். சாகும்போது ஒருவன் அந்தப் பையனிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்த மோதிரத்தைக் காட்டினேன். அதற்கப்புறம் கதை எங்கெங்கோ போய், போன வாரம்தான் முடிந்தது. நான் முடித்தேன், தனியாக.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ ஒரு கைகூப்பும் எமோஜி போட்டு முடித்துவிடுவாய். அதனால்தான் இங்கே. நம் வீட்டு ஆட்களில் யார் யார் இதைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதை நினைவில் வைத்தே எழுதுகிறேன், பயப்படாதே.

விலையைக் கேட்டால் சிரிப்பாய். ஜிஓஜி என்ற ஆன்லைன் கேம் கடையில் ஆர்க்கேனத்தின் முழு விலையே ஆறு டாலருக்குள்தான். தள்ளுபடி வரும்போது அதிலும் கால்வாசிக்கு இறங்கிவிடும். நம் காசில் நூற்றைம்பது ரூபாய்கூட ஆகவில்லை. பர்மா பஜாரில் அன்று இரண்டு சிடிக்குப் பேரம் பேசிக் கொடுத்ததும் ஏறக்குறைய இதே தொகைதான். இத்தனை வருஷத்தில் விலை ஏறாத பொருள் என்று நம் வீட்டில் வேறு எதையாவது உன்னால் சொல்ல முடியுமா?

நான் இப்போது எந்த கேமையும் முழு விலைக்கு வாங்குவதில்லை. வீட்டில் இதற்குக் கஞ்சத்தனம் என்று பெயர். பழைய ஆர்பிஜிக்களுக்கு, அதாவது ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் போகும் இந்த மாதிரி கேம்களுக்கு, அவசரமே தேவையில்லை அக்கா. ஒருமுறை ஒரு விலைக்கு இறங்கிய கேம் அடுத்த தள்ளுபடியிலும் பெரும்பாலும் அதே விலைக்கு வந்து நிற்கும். 'இஸ் தேர் எனி டீல்' என்று ஒரு தளம் இருக்கிறது. எந்தக் கடையில் என்ன விலை, இதுவரை எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று எல்லாம் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பேன். 2015-இல் ஸ்டீம் என்ற இன்னொரு கேம் கடை ரூபாயில் விலை போட ஆரம்பித்த பிறகு இந்தப் பழக்கம் முற்றிவிட்டது. ப்ளேன்ஸ்கேப் டார்மென்ட்டை அப்படித்தான் வாங்கினேன். 1999-இல் வந்தது, படிக்கவே லட்சக்கணக்கான வார்த்தைகள், சண்டை பேருக்கு இருக்கும். வாங்கியபோது உன்னை நினைத்தேன். சொல்லவில்லை.

ஆர்க்கேனம் மட்டும் விருப்பப் பட்டியலில் வருஷக்கணக்காகக் கிடந்தது. எத்தனையோ தள்ளுபடி வந்து போயிற்று. முடித்த கேம்தானே, எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம் என்று விட்டுவிட்டேன். முடித்த கேம்! நீ சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன்.

முதலில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது இசை. தொடக்கத் திரையிலேயே ஒரு தந்தி வாத்தியக் குழு — வயலின், வியோலா, செல்லோ — வாசிக்கிறது. பென் ஹூஜ் என்பவர் இசையமைத்தது. நாம் அதைக் கேட்டதே இல்லை. பஜாரில் கிடைத்தது 'ரிப்'. சிடியில் அடங்க வேண்டும் என்று இசை, வீடியோ, பேச்சுக் குரல் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுக் கொடுப்பார்கள். அந்த மௌனத்தை நிரப்பியதெல்லாம் நீதான். கதையில் நம் கூடவே வரும் விர்ஜிலுக்குச் சொந்தக் குரல் இருக்கிறது அக்கா, ஒரு நடிகர் பேசியிருக்கிறார். கேட்டதும் எனக்கு எரிச்சலாக வந்தது. விழுந்து நொறுங்கிய ஆகாயக் கப்பலின் பக்கத்தில் நின்று, நீதான் அந்த உலகத்துப் பழைய மகான் நஸ்ருதினின் மறுபிறவி என்று அவன் சொல்லும்போது நம் தெருக் கோயில் குருக்கள் மூக்கால் பேசுவது போலத்தானே இருக்க வேண்டும்? யாரோ ஒரு வெள்ளைக்காரர் பேசுகிறார்.

நாம் அன்று விளையாடிய நம் குண்டோதரனைத் திரும்ப உருவாக்கிப் பார்த்தேன். அரை ஓகர் (பாதி மனிதன், பாதி ராட்சசன்), அறிவு மிகக் குறைவு. நீ வேடிக்கைக்காக அவனை அப்படிப் பேசவைத்தாய் என்றுதான் இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். இல்லை, கேமிலேயே அப்படித்தான். அறிவு குறைந்தால் அவன் பேசும் வரிகள் எல்லாமே மாறிவிடுகின்றன, நாட்குறிப்புகூடக் கொச்சையில்தான் எழுதப்படுகிறது. "பாலம் போனேன். ஆளு காசு கேட்டான். நான் அடிச்சேன். ஆளு தூங்கிட்டான்." தமிழ் உன்னுடையது. லூகன் என்ற ரவுடியின் ஆட்கள் காவல் நிற்கும் அந்தப் பாலத்தில் நீ சிரித்த சிரிப்பில் அம்மா எழுந்து வந்து ஃபேனை நிறுத்திவிட்டுப் போனாள்.

அந்த மோதிரத்தைச் செய்த ஷூய்லர் கடைக்கு வருகிறேன்.

அந்தச் சேலத்துக்காரர்கள் வந்துபோன வாரம். நீ வழக்கம்போல் என் இடது பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய், ஆனால் குரல் மாற்றிப் பேசவில்லை. செய்தி வாசிப்பது மாதிரி வாசித்தாய். கடைக்குக் கீழே பிணங்களை எழுப்பி வேலை வாங்குகிறார்கள் என்று தெரிந்த இடம், உனக்கு ரொம்பப் பிடித்திருக்க வேண்டிய இடம், அதைக்கூட "செத்தவங்கள வேலைக்கு வச்சிருக்காங்கடா" என்று ஒரே வரியில் கடந்துவிட்டாய். அப்புறம் மோதிரம் யாருக்காகச் செய்தது என்று அவர்கள் சொல்லும் வரி வந்தது. நீ திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "அந்தப் பையன் செத்துட்டானாம். மோதிரத்த நீயே வச்சுக்கோன்றாங்க. அவ்ளோதான்." முடிவு வீடியோ ஏன் வரவில்லை என்று கேட்டேன். "ரிப்புடா, வெட்டிட்டிருப்பான்" என்றாய். நான் நம்பினேன். இரண்டு நாள் கழித்து ஹார்ட் டிஸ்கில் இடம் வேண்டும் என்று நீயே அழித்தாய்.

இப்போது அதே அறையில், அதே வரி என் முன்னால் வந்து நின்றது. கில்பர்ட் பேட்ஸ் என்ற பெயர் தெளிவாக இருக்கிறது. சாவு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. என் இங்கிலீஷ் இப்போது போதுமான அளவுக்கு இருக்கிறது, நன்றி.

அங்கேயே நிறுத்திவிட்டேன். உனக்கு போன் செய்து கேட்கலாமா என்று பல நாள் யோசித்தேன். எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்பதால் முடித்து வைத்தாயா, அப்பா ஏதாவது சொன்னாரா, இல்லை, நீ போன பிறகு வேறு யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து நான் விளையாடிவிடுவேன் என்றா? மூன்றாவதாக இருந்தால் எனக்குக் கோபம் இல்லை. முதலாவதாக இருந்தால் இருக்கிறது. எனக்காக என்று சொல்லி என்னிடமிருந்து எடுக்கப்பட்டவை அந்த வீட்டில் நிறைய. நீயுமா அதில் ஒரு ஆள்?

உன்னிடமிருந்து எடுக்கப்பட்டவற்றைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். உனக்கு வந்த அந்தக் கடிதம், அது எந்த டிராயரில் இருந்தது, அதெல்லாம் நாம் நேரில் பேச வேண்டியது. அத்தான் நல்லவர். இதைப் படிக்கிறவர்களுக்கு அது போதும்.

சரி, தீபாவளிக்கு வந்திருந்தபோது உன் பையன் "அம்மாவுக்கு கேம்னா கேண்டி க்ரஷ்தான்" என்றான். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும், நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீயும் சும்மாதானே இருந்தாய்? முந்திரி பக்கோடாத் தட்டை நீட்டிக்கொண்டு, அவன் சொன்னது சரி என்பது போலச் சிரித்துக்கொண்டு. உனக்காக நான் எப்படிப் பேசுவது, நீயே உன்னை விட்டுக்கொடுக்கும்போது? இருந்தாலும் மன்னித்துவிடு.

யார் செய்த கேம் இது என்று அப்போதே கேட்டாய், எனக்குத் தெரியவில்லை. டிம் கெய்ன், லெனார்ட் போயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் என்று மூன்று பேர். 1997-இல் ஃபால்அவுட்டைச் செய்தவர்களில் முக்கியமானவர்கள். அடுத்த வருஷம் வெளியே வந்து ட்ரோய்க்கா என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். 2001-இல் ஆர்க்கேனம். மொத்தமே மூன்று கேம்தான் வெளியானது. கடைசியாக வந்த பிளட்லைன்ஸ், 2004 நவம்பரில், எல்லோரும் காத்திருந்த ஹாஃப்-லைஃப் 2 என்ற கேம் வந்த அதே நாளில் வெளியானது. அந்தக் கூட்டத்தில் அதை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? 2005-இல் கம்பெனியை மூடிவிட்டார்கள். டிம் கெய்ன் இப்போது யூட்யூபில் பழைய கதைகளை எல்லாம் பேசுகிறார். சமையலை முடித்துவிட்டு நீ கேட்கக்கூடிய மாதிரி நிதானமாகப் பேசுவார்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். சண்டை மோசம், அன்றைக்கே மோசம்தான். ரியல் டைமில் வைத்தால் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாது. பிளாக் மவுண்டன் சுரங்கம் என்று ஒன்று வரும். மாடி மாடியாக இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அங்கிருக்கும் கல் பூதங்களை வாளால் அடித்தால் வாள்தான் பாழாகும். எனக்கு இரண்டு முறை விட்டுவிடலாம் என்று தோன்றியது. மந்திரம் கற்றுக்கொண்டால் 'ஹார்ம்' என்ற ஒரே மந்திரத்தை வைத்துக்கொண்டு பாதி கேமை ஓட்டிவிடலாம், அதில் என்ன சுவாரஸ்யம். ஆனால் மந்திரமும் இயந்திரமும் ஒன்றுக்கொன்று ஆகாது என்ற அந்தக் கணக்கை இன்றுவரை வேறு யாரும் இவ்வளவு பிடிவாதமாகச் செய்யவில்லை. மந்திரம் முற்றியவனை ரயிலில் ஏற்ற மாட்டார்கள், எஞ்சின் நின்றுவிடுமாம். இயந்திரப் பக்கம் போனவனுக்கு விர்ஜில் எவ்வளவு மந்திரம் போட்டாலும் காயம் சரியாக ஆறாது. ஒரு பக்கம் முழுசாகப் போனால் மறுபக்கம் உனக்குக் கதவைச் சாத்திவிடும். இரண்டிலும் கால் வைத்தால் இரண்டிலுமே அரைகுறை. நாம் இரண்டும் இல்லாமல் வெறும் கையால் அடித்துக்கொண்டிருந்தோம்.

பெண் ஓகரை ஏன் உருவாக்க முடியவில்லை என்று அன்று திரையைப் பார்த்துச் சண்டை போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "குள்ளச்சியும் இல்ல, ஓகரச்சியும் இல்ல, இவனுங்க ஊர்ல பொம்பளையே கிடையாதா?" என்றாய். அரை ஓகர்கள் எப்படிப் பிறக்கிறார்கள் என்பதற்குக் கேமுக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது. ஒரு தீவில் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. தோண்டித் துருவி ஆதாரம் சேர்த்தாலும் கடைசியில் யாருக்கும் எந்தத் தண்டனையும் கிடைக்காது. அதை முடித்த ராத்திரி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு உன் நம்பரை எடுத்தேன். மணி ஒன்று. வைத்துவிட்டேன்.

அந்தப் பையன் உயிரோடுதான் இருக்கிறான், கிழவனாகி. சாகும்போது மோதிரம் கொடுத்தவனும் நாம் நினைத்த ஆள் கிடையாது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

உன் பழைய யாஹூ முகவரிக்குப் போகாமல் ஜிமெயிலுக்கே பரிசாக ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். நீ கணக்கு எழுத வைத்திருக்கும் லேப்டாப்பே போதும், பையனுடையதைக் கேட்க வேண்டாம். இன்ஸ்டாலரைத் தனியாக இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள், அதற்கு நெட்டும் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். விளையாட ஆரம்பிக்கும் முன்னால் ரசிகர்கள் செய்த பேட்ச் (கேமைத் திருத்தும் ஃபைல்) ஒன்றைப் போட வேண்டும், லிங்க் அதே மெயிலில் இருக்கிறது. அது இல்லாமல் இன்றைய திரையில் எல்லாம் எறும்பு மாதிரியோ யானை மாதிரியோ தெரியும். சண்டையை, ஆளுக்கொரு முறையாக அடிக்கும் டர்ன் பேஸ்டில் வை. அரை எல்ஃப் பெண்ணை எடு, அறிவைக் குறைக்காதே, பேச்சுத் திறமையில் புள்ளி போடு. சுரங்கத்துக்குப் போகுமுன் வெடிகுண்டு சேர்த்து வைத்துக்கொள்.

சந்தேகம் வந்தால் என்னைக் கேள். ஆனால் முடித்த பிறகு முடிவு இதுதான் என்று நீயாக எதுவும் சொல்லாதே. சேவ் ஃபைலை அனுப்பு, நானே திறந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி