குளிர்ந்த மாவடு

அன்புள்ள கணேசனுக்கு,

இங்கே அனைவரும் நலம். பேத்தி கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்துவிட்ட செய்தி அறிந்து மகிழ்ந்தோம். என் பக்கத்தில் சொல்லத்தக்க செய்தி ஒன்றுதான்: இந்த ஆண்டு நத்தம் பக்கத்திலிருந்து நல்ல வடு கிடைத்ததால், மாசிக் கடைசியிலேயே ஊறப் போட்டுவிட்டோம்.

போடும் முறை பழையதே. காம்பைச் சிறிது விட்டுக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெயில் பிசறி, கல்லுப்பும் மஞ்சள்பொடியும் தூவி, தினமும் ஜாடியைக் குலுக்கிவந்தால், உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடுகிறது. தோல் சுருங்கியபின் மிளகாயும் கடுகும் அரைத்துச் சேர்க்கிறோம். ஆனால் இம்முறை, ஊறி முடிந்த வடுவைக் கண்ணாடி பாட்டில்களில் நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்தோம். வெளியிலிருந்தால் நாளாக ஆகத் தளர்ந்துவிடும் வடு, குளிரில் இன்றுவரை விறைப்புக் குறையாமல் இருக்கிறது.

விளைவு என்னவென்றால், தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த பண்டம் எனக்குப் பிற்பகல் நொறுக்குத் தீனியாகிவிட்டது. மதுரை வெயில் உச்சத்தில் இருக்கும்போது ஃபிரிட்ஜைத் திறந்து, நின்றபடியே நீளக் கரண்டியால் ஒன்றை எடுத்து, காம்பைப் பிடித்துக் கடித்தால், ‘நறுக்’கென்ற ஓசையோடு சில்லென்ற உப்புநீர் பல்லிடுக்கில் பாய்கிறது, அதன்பின் புளிப்பு, கடைசியில் இன்னும் ஓடு கட்டாத இளங்கொட்டையின் துவர்ப்பு. காரம் மட்டும் சற்றுத் தாமதித்தே எழுகிறது. மிளகாயின் காரத்தை உணரும், நரம்பிலுள்ள நுண்ணிய புரத வாசலே ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் உணர்கிறது என்பதை 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தார்கள். 2021-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. குளிர்ந்த வடு வாய்க்குள் வெதுவெதுப்பான பிறகே மிளகாய் தன் வேலையைக் காட்டுவதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

எல்லா ஊறுகாய்க்கும் இந்தப் பெருமை கிடையாது. ஆவக்காயைக் குளிர வைத்து வெறுமனே தின்றால் எண்ணெயும் பொடியும் நாக்கில் அப்பிக்கொள்கின்றன. அதற்குச் சுடுசோறு வேண்டும். எலுமிச்சையைப் பொறுத்துக்கொள்ளலாம். உப்புநீரில் ஊறிய வடுவுக்கு மட்டும் சோற்றின் துணை தேவையில்லை என்பது என் கட்சி. அடியில் தேங்கும் வடுத்தண்ணீரையும் விடுவதில்லை. ஒரு கரண்டியை நீர்மோரில் கலந்தால் அதற்கு வேறு உப்பு வேண்டாம்.

உப்பென்றதும் உன் இரத்த அழுத்தம் நினைவுக்கு வருகிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதை என் மனைவி மனப்பாடமாக வைத்திருப்பதால், வடு தின்ற நாளில் எனக்கு இரவு அப்பளம் கிடையாது. நீயும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு எழுது. அவர் நாளுக்கு ஒன்று என்று அனுமதித்தாலும், அடுத்த வாரம் கோவை வரும் என் தம்பியிடம் சிறிய பாட்டில் ஒன்றைக் கொடுத்தனுப்புகிறேன். ஈரக் கரண்டி மட்டும் போடாதே.

அன்புடன்,
சுந்தரம்