பெற்றோர் ஐக்கியம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

ஆயர் ஐயாவுக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி, அறுப்பின் பண்டிகையில் பலகாரக் கடை, டிசம்பரில் மும்பை தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் கிறிஸ்துமஸ் கீதபவனி. எல்லாம் கிருபையாய் நடந்தன.

இனி, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பேய்ப்படக் காட்சி ஒன்றைப் பார்த்துப் பேசிய கூடுகை. அது வீண்வேலை என்று கமிட்டியிலேயே பேச்சு வந்ததால் சற்று விரிவாக எழுதவேண்டியிருக்கிறது. பார்க்காதே என்று சொன்னால் பிள்ளைகள் காதில் ஹெட்போனும் தலைக்குமேல் போர்வையுமாகப் பார்க்கிறார்கள். பயம் இரட்டிப்பாவது அங்கேதான். பேய்ப்படத்தில் பாதி வேலையைச் செய்வது சத்தம். நெடுநேரம் அமைதி, பிறகு திடீரென்று ஓர் அலறல். ஒரே காட்சியை முதலில் சத்தத்தோடும், பிறகு மியூட் செய்து, விளக்கைப் போட்டும் காட்டினோம். இரண்டாம் முறை சிரித்தார்கள். அதன்பின் மத்தேயு 14:26 வாசித்தோம். கடல்மேல் நடந்து வந்த இயேசுவையே சீஷர்கள் "ஆவேசம்" என்று அலறினார்களே, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகளே கேட்டார்கள். பேய் என்றுதான். ஆலய வளாகத்தில் பேய்ப்படமா என்று கேட்டவர்கள் யாரும் அன்று வரவில்லை.

இனி வீட்டில் செய்யவேண்டியது. ஓடிடி தளங்களில் யு/ஏ 7+, 13+, 16+ என்ற வயதுப் பிரிவுகள் 2021 முதலே விதியில் உண்டு. 2024 விதிகளுக்குப்பின் தியேட்டர் படங்களுக்கும் அப்படியே. நெட்ஃபிளிக்ஸில் பிள்ளையின் புரொஃபைலுக்கு மட்டும் வயது வரம்பு வைத்துப் பயனில்லை. அப்பாவின் புரொஃபைல் திறந்தே கிடக்கும். பெரியவர்களின் புரொஃபைல் ஒவ்வொன்றுக்கும் 4 இலக்க பின் (PIN) நம்பர் போட்டு, புது புரொஃபைல் சேர்க்கவும் பின் நம்பர் கேட்கும்படி வையுங்கள். கல்யாண வருடம் வேண்டாம், அது பிள்ளைகளுக்குத் தெரியும். யூடியூபின் ரெஸ்ட்ரிக்டட் மோட் (Restricted Mode) கட்டுப்பாட்டை போன், டிவி, லேப்டாப் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் போடவேண்டும்.

பேய்ப்படக் கூடுகைக்கு 58 குடும்பங்களில் வந்தவை 19. மெகா பிளாக், அதாவது பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்திவைத்த நாள் என்றார்கள். கல்யாண், முலுண்ட்காரர்கள் சொன்னால் சரி. நடந்து வருகிற தூரத்தில் இருப்பவர்களுக்கு எந்த ரயில் நின்றது?

கணக்கு தணிக்கையாளர் பார்வையில் இருக்கிறது; வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. புரொஜெக்டர் வாடகை மட்டும் கையைக் கடித்தது. ஆண்டுச் சந்தா 300 ரூபாயில் 23 குடும்பங்கள் பாக்கி. ஓடிடி சந்தா தானாகப் பிடித்தமாகிவிடுகிறது. ஐக்கியத்துக்கு அந்த வசதி இல்லை.

ஆயர் ஐயா, பெண்கள் ஐக்கியம், டீ தந்த சகோதரர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு வீடுவீடாகப் போய் பின் நம்பர் போட்டுக்கொடுக்க யோசனை. வீட்டுக்கு அரைமணி நேரம், இரண்டு வாலிபர்கள் வேண்டும். செயலாளர் பொறுப்புக்கும் வேறு யாராவது முன்வந்தால் மனத்தாங்கல் ஒன்றுமில்லை. சந்தா கட்டுகிறவர்களுக்காகப் பொருளாளர் ஆராதனை முடிந்ததும் செருப்பு விடும் இடத்தருகே ரசீதுப் புத்தகத்தோடு நிற்பார்.