வீரர்களின் மீள்திறனும் தொழில்முனைவும்: ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உடற்கல்வி, மேலாண்மைத் துறைகளின் ஆய்வு நெறியாளர்களுக்கு,

வணக்கம். 'விளையாட்டு வீரர்களின் ஆளுமைப் பண்பு, மீள்திறன், தொழில்முனைவு நாட்டம்' என்ற வகைத் தலைப்புக்கு ஒப்புதல் தருமுன், மாணவரின் வினாத்தாளை நீங்களே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். ஆளுமையை அளக்கும் ஐம்பெரும் பண்புகளுக்கு (Big Five) 44 கேள்விகள், மீள்திறனை, அதாவது சறுக்கலிலிருந்து மீண்டெழும் திறனை, அளக்கும் கானர்–டேவிட்சன் அளவுகோலுக்கு 25, தொழில்முனைவு நாட்டத்துக்கு 6. ஆக மொத்தம் 75. மாலைப் பயிற்சி முடித்துக் களைத்து நிற்பவரிடம் இதை நீட்டினால், பாதிக்கு மேல் படிக்காமலே வட்டமிடுவார். மீள்திறனுக்கு 2008இல் வெளியான 6 கேள்விக் குறு அளவுகோலே (Brief Resilience Scale) போதும்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. 2, 4, 6ஆம் கேள்விகள் எதிர்மறையானவை. 1 முதல் 5 வரையான மதிப்பெண்ணை 6இலிருந்து கழித்துத் திருப்ப வேண்டும். 2 என்றால் 4 ஆகும். இதை மறந்தால், கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் நம்பகத்தன்மை எண்ணான குரோன்பாக் ஆல்ஃபா அதலபாதாளத்துக்குப் போகும். உடனே அந்த மூன்றையும் தூக்கிவிட்டு 'நம்பகத்தன்மை உயர்ந்தது' என்று எழுதுகிறார்கள். எதற்கும் 'ஆம்' போடுபவரைக் காட்டிக்கொடுக்க வைத்த கேள்விகளே அவை! திருப்பிய பிறகும் அவை ஒட்டவில்லை என்றால் தமிழாக்கத்தைச் சந்தேகியுங்கள். மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள். பிறகு ஏழெட்டு வீரர்களை வாய்விட்டுப் படித்து, புரிந்ததைச் சொல்ல வையுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? 0.2 அளவுள்ள ஒட்டுறவை (இரண்டு அளவுகள் சேர்ந்து மாறும் அளவு, correlation) 80% வாய்ப்போடு கண்டுபிடிக்க ஏறக்குறைய 194 பேர். ஆனால் 12 பேர் கொண்ட கபடி அணிகளை அப்படியே எடுத்தால், ஒரே அணியினர் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள். அந்த ஒப்புமை 0.1 என்றாலே தேவை 2.1 மடங்காகி 400ஐத் தாண்டும். பயிற்சியாளரே தாளை வாங்கி அடுக்கினால் மீள்திறன் எல்லோருக்கும் உச்சத்தில்தான் இருக்கும். பெயரில்லாத உறையில் போட்டு, ஆய்வாளரிடம் நேரே தரட்டும்.

பெரிய ஓட்டை வேறு. நம் ஊரில் மாநில அளவில் ஆடும் ஒருவரின் கண் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையில் இருக்கிறது: காவல்துறை, ரயில்வே, மின்வாரியம். அவருக்குத் தொழில் தொடங்கும் நாட்டம் குறைவு என்றால் அது குணமல்ல, கணக்கு. ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டா, விண்ணப்பித்தாரா, வீட்டில் கடையோ தறியோ இருக்கிறதா, முதலுக்கு யார் தருவார் என்ற நான்கையும் கேட்காமல் ஆளுமையை மட்டும் சமன்பாட்டில் போட்டால், ஒதுக்கீட்டின் விளைவு ஆளுமையின் பெயரில் வந்து நிற்கும்.

விளையாட்டு மீள்திறனை வளர்த்தது, மீள்திறன் தொழில்முனைவைத் தந்தது என்ற இடையீட்டு மாதிரியை ஒரே நாளில் எடுத்த தரவில் ஏற்காதீர்கள். மீள்திறன் உள்ளவர்களே களத்தில் தங்கியிருக்கலாம். முழங்கால் போய் விலகியவர்கள் முகாமில் கிடைக்க மாட்டார்கள். பழைய அணிப் பட்டியலை வைத்துத் தேடிப் பிடிக்க வேண்டும்.

நாட்டம் உண்மையில் தொழிலாக மாறியதா என்று பார்க்க, 12 மாதம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி போகச் சொல்லுங்கள். சிறு, குறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை மட்டும் கேட்டால் பெட்டிக்கடையும் வாடகை ஆட்டோவும் தவறிப்போகும். 'கடந்த மூன்று மாதத்தில் சொந்தமாக விற்றோ வேலை எடுத்துச் செய்தோ வருமானம் வந்ததா?' என்று கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஆய்வு முறையியல் பணியில் உள்ள சிலர்