பலூச் கம்பளம் வாங்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஈரானின் மஷ்ஹத் நகருக்குப் போகும்போது பலூச் கம்பளம் ஒன்று வாங்கப் போவதாக நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து என் நினைப்பெல்லாம் அதிலேயே இருக்கிறது. ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில், இரண்டு மாதச் சேமிப்பைக் கொடுத்து நான் வாங்கிய விரிப்பு முதல் முறை நனைந்ததுமே சிவப்பெல்லாம் வெள்ளைப் பூக்களுக்குள் இறங்கிவிட்டது. அந்த வருத்தம் உனக்கு வரக் கூடாது.

பெயரை வைத்துப் பலுசிஸ்தானில் நெய்தது என்று எண்ணிவிடாதே. இந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை ஈரானின் கொராசானிலும் சிஸ்தானிலும், ஆப்கானிஸ்தானின் ஹெராத், ஃபாரா பக்கத்திலும் பெண்கள் நெய்தவை; தைமூரி முதலிய அண்டைக் குடியினரின் நெசவும் இதே பெயரில்தான் சந்தைக்கு வருகிறது. மந்தையோடு இடம் மாறியவர்கள் தரையில் முளையடித்துத் தறி கட்டி, புறப்படும் நாளில் பாதி நெய்ததை, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலோடு சுருட்டிக்கொண்டு போனார்கள். அதனால் பழைய விரிப்புகள் சிறியவை. ஓரம் சற்றுக் கோணியிருந்தாலும், ஒரே சிவப்பு நடுவில் வேறு சாயல் காட்டினாலும் அவற்றைக் குறையென்று ஒதுக்காதே. ஒரு முறை தோய்த்த நூல் தீர்ந்து அடுத்த முறை தோய்த்த நூல் தொடங்கிய இடம் அது.

எனக்கு மிகவும் பிடித்தது தொழுகை விரிப்புதான். ஒட்டக நிறத் தரையில் ஒரே ஒரு மரம் நேராக எழுந்து, இருபுறமும் விறைப்பாகக் கிளை நீட்டி, கட்டங்கட்டமான இலைகளோடு மேலே சதுர வளைவுக்குள் போய் நிற்கும். சிலவற்றில் வளைவின் இரு மூலைகளிலும் விரித்த உள்ளங்கைகள் இருக்கும். சுற்றிலும் அடர்சிவப்பும் அவுரி நீலமும் கரும்பழுப்பும், அங்கங்கே புள்ளியாக வெள்ளையும் வரும். கரும்பழுப்புக்கு இரும்பு சேர்ந்த சாயம் இடுவார்கள். அது ஆண்டுக்கணக்கில் கம்பளியை அரித்துவிடுவதால் அந்த இடம் தாழ்ந்து, மற்ற நிறங்கள் மேடாக நிற்கும். கண்ணை மூடி விரலால் தடவிப் பார். பழமைக்கு நான் பெரிதும் நம்பும் அடையாளம் அதுவே. 1979-இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் வந்த பிறகு டாங்கியும் ஹெலிகாப்டரும் நெய்த விரிப்புகளும் வந்தன. அவற்றையும் உனக்குக் காட்டக்கூடும்.

கடையில் முதலில் விரிப்பைப் புரட்டிப் பின்புறத்தைப் பார். முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும்; குஞ்சம் தனியாகத் தைத்ததாக இல்லாமல் பாவு நூலின் தொடர்ச்சியாகவே இருக்க வேண்டும். ஈர வெள்ளைத் துணியால் சிவப்பின் மேல் அழுத்தித் தேய். நான் அன்று செய்யத் தவறியது இதைத்தான். பிறகு கம்பளியைப் பிளந்து அடிவரை பார். நுனி வெளிறி, அடி மட்டும் பளிச்சென்று கண்ணைக் குத்தினால் அந்தச் சாயத்தை நம்பாதே.

அமெரிக்காவிலிருக்கும் உன் அண்ணனுக்கும் ஒன்று வாங்க நினைத்தால் வேண்டாம். ஈரானியக் கம்பளங்களுக்கு அங்கே 2016-இல் விலகிய இறக்குமதித் தடை 2018-இல் மீண்டும் வந்துவிட்டது. உனக்கு வாங்குவதற்கும், நெய்த நாட்டின் பெயரைத் தெளிவாக எழுதி ரசீது கேள்.

பணம் கொடுக்கும் முன் பின்புறத்தையும் நான்கு மூலைகளையும் படமெடுத்து அனுப்பு. எந்த நேரமானாலும் விழித்திருந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா