ஆஃப், அப், அவுட் படுத்தும் பாடு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படியைக் கண்டால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. மொழிபெயர்ப்பு வேலைகள் அவ்வப்போது வருகின்றன, பணம்தான் ஆடி அசைந்து வருகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பதவி உயர்வுக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்களோடு தினமும் பேச வேண்டியிருக்கிறது, அவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது, வாக்கியம்தான் பிடிபடவில்லை என்று புலம்பியிருந்தாய். 'லெட்ஸ் புட் இட் ஆஃப்' என்றதும் எதை அணைக்கச் சொல்கிறார்கள் என்று திகைத்தாயாமே, வாய்விட்டுச் சிரித்தேன். உன் மேல் குற்றமில்லை. நமக்கு 'ஆஃப்' என்றாலே ஸ்விட்ச்தான். அவர்கள் சொன்னது வேலையைத் தள்ளிப்போடலாம் என்று. விளக்கை அணைப்பதற்கு 'டர்ன் ஆஃப்', நெருப்பை அணைப்பதற்கு 'புட் அவுட்'.

நாம் ஆங்கிலத்தைப் புத்தகத்தில் படித்தவர்கள். போஸ்ட்போன், டாலரேட், இன்வெஸ்டிகேட் என்று லத்தீன் வழியாக வந்த கனமான சொற்களெல்லாம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் வாய்ப்பேச்சில் அவற்றை எடுப்பது குறைவு. அதே பொருளுக்கு முறையே புட் ஆஃப், புட் அப் வித், லுக் இன்டு என்று சின்னச் சின்னச் சொற்களை வைத்தே காரியத்தை முடித்துவிடுகிறார்கள். சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, அயல்நாட்டாருக்கு மிகப் பெரிய தொல்லை இதுதான் என்று எழுதியிருக்கிறார். செட் இன், செட் அவுட், செட் ஆஃப் எல்லாம் அவர் காட்டும் உதாரணங்கள். வினைச்சொல்லோடு இப்படிச் சின்னச் சொல் சேர்ந்து புதுப் பொருள் தருவதற்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் பரவியது பிற்பாடு, 1925-ல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய புத்தகத்தால். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்த பெயர் அது.

இப்போது நம் பேச்சை எடுத்துக்கொள். 'குழந்தையைப் பார்' என்பதும் 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்பதும் ஒன்றா? அங்கே லுக் அட், லுக் ஆஃப்டர். 'சொல்' எங்கே, 'சொல்லித் தொலை' எங்கே! 'எழுது' வேறு, 'எழுதித் தள்ளு' வேறு. 'விட்டுக்கொடு' என்பதில் கையால் விடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. அதற்கு அவர்கள் 'கிவ் இன்' என்கிறார்கள். தமிழ் கற்க வரும் வெளிநாட்டுக்காரர் இதில் படும் பாட்டைத்தான் நீ அங்கே படுகிறாய். நமக்கு இது கஷ்டமாகத் தெரியாததற்குக் காரணம், கொள், விடு, தள்ளு, தொலை என்ற வால்கள் ஒவ்வொன்றின் குணமும் நம் காதுக்குப் பழகியிருப்பதுதான்.

அதனால் நான் சொல்வது இதுதான்: 'கெட்' என்ற சொல்லுக்குக் கீழே ஐம்பது, 'டேக்' என்பதற்குக் கீழே நாற்பது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணாதே. வாலைக் கவனி. 'அப்' வந்தால் பல இடங்களில் காரியம் முழுசாக முடிந்தது என்று பொருள். ஈட் அப், ட்ரிங்க் அப், யூஸ் அப். நம் 'விடு'வுக்குப் பக்கத்து வீடு: சாப்பிட்டுவிடு, குடித்துவிடு. 'ஆஃப்' பெரும்பாலும் ஒட்டியிருந்தது கழன்று போவது. சட்டையைக் கழற்றுவதும் விமானம் தரையை விட்டுக் கிளம்புவதும் 'டேக் ஆஃப்'. ஊருக்குப் போகிறவரை வழியனுப்புவது 'சீ ஆஃப்', நடக்கவிருந்த கூட்டத்தை ரத்து செய்வது 'கால் ஆஃப்'. 'அவுட்' என்றால் மறைந்திருந்தது வெளியே வரும், ஃபைண்ட் அவுட் மாதிரி. இல்லையென்றால் இருந்தது காலியாகும், ரன் அவுட் மாதிரி. கிரிக்கெட் ரன் அவுட்டை இதில் சேர்த்துவிடாதே.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது, அதையும் சொல்லிவிடுகிறேன். விளக்கு 'கோஸ் ஆஃப்' என்றால் அணைந்துவிட்டது. அலாரம் 'கோஸ் ஆஃப்' என்றால் அலறுகிறது! ஸ்லோ அப், ஸ்லோ டவுன் இரண்டுக்கும் வேகத்தைக் குறைப்பது என்றே அர்த்தம். 'மேக் அப்' இன்னும் மோசம். கதை கட்டுவதும் அதுதான், முகத்துக்குப் பூசுவதும் அதுதான், சண்டை போட்டவர்கள் ராசியாவதும் அதுதான். இங்கெல்லாம் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதே, வாக்கியத்தோடு மனதில் வைத்துக்கொள்.

சொல் வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டுமே சரி. ஆனால் லைட்டுக்குப் பதில் 'இட்' வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' என்று சொல்லவே கூடாது. 'லுக் ஆஃப்டர்' இதற்கு நேர் எதிர், அதைப் பிரிக்க முடியாது. 'லுக் ஆஃப்டர் ஹிம்' மட்டும்தான். மூன்று சொல் சேர்ந்த புட் அப் வித், லுக் ஃபார்வேர்ட் டு போன்றவையும் பெரும்பாலும் பிரியாமல்தான் வரும். மின்னஞ்சலை 'லுக்கிங் ஃபார்வேர்ட் டு மீட் யூ' என்று முடிக்கிறாயா? 'மீட்டிங் யூ' என்று மாற்று. காதுக்கும் ஒரு துப்பு: வண்டி 'ப்ரேக் டவுன்' ஆகும்போது அழுத்தம் 'டவுன்' மேல். 'எ ப்ரேக்டவுன்' என்று பெயர்ச்சொல்லாகிவிட்டால் அழுத்தம் முன்னால் போய்விடும்.

நம்மவர்கள் உண்டாக்கியவை தனி ரகம். 'கோப் அப் வித்' என்று எங்கும் கேட்கிறோம், சரியானது வெறும் 'கோப் வித்'. 'பாஸ் அவுட்' இதைவிடப் பெரிய வம்பு. எந்த வருஷம் பாஸ் அவுட் ஆனேன் என்று நீ அந்தக் கூட்டத்தில் சொன்னால், மயக்கம் போட்டு விழுந்த கதை என்று நினைத்துக்கொள்வார்கள். 'கிராஜுவேட்டட்' என்று சொல்லிவிடு.

அப்புறம், அறிக்கையிலும் இவற்றை அள்ளித் தெளிக்காதே. அங்கே 'போஸ்ட்போன்' கம்பீரமாகவே இருக்கும். உனக்கு இப்போது அவசரம் காதில் விழுவது புரிவதுதான், பேசுவது தானாக வரும். கூட்டத்தில் கேட்டுப் புரியாமல் போனவற்றைக் குறித்து அடுத்த கடிதத்தில் எழுது. முழு வாக்கியமாக எழுது, யார் எதைப் பற்றிப் பேசும்போது சொன்னார்கள் என்பதும் வேண்டும். தனிச் சொல்லாக அனுப்பினால் நானும் உன்னைப் போல விழிக்க வேண்டியதுதான். மகளுக்கு என் வாழ்த்தைச் சொல். முதல் சம்பளத்தை அப்பாவிடம் கொடுத்துவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகவும் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழன்